காணி வாங்குதலும் அறமும் – ஒரு நோக்கு

மண்ணாசை, பெண்ணாசை, பொன்னாசை ஆகியவற்றை மனிதனைப் பிணிக்கும் மூவாசைகள் எனச் சான்றோர் வகுத்தனர். இவற்றுள் மண்ணாசை ஏனைய இரண்டினின்றும் சற்று வேறுபட்டது. பொன் இல்லாமல் வாழ்ந்தவர் பலர். இல்லறத்தை விட்டு வாழ்ந்தவரும் பலர். ஆனால் நிற்பதற்கு ஒரு சாண் நிலமேனும் இன்றி வாழ்ந்தவர் எவருமிலர். துறவியும் ஏதோவொரு மரநிழலில்தான் அமர வேண்டும். ஆகவே மண்ணை நாடுவது முழுவதும் ஆசையென்று தள்ளிவிடத்தக்கதன்று, அது தேவையுமாகும். தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்பதே அறநூலார் எக்காலத்தும் ஆராய்ந்த வினாவாகும்.

வடக்கிலங்கையின் கரையோரக் கிராமங்களில் இந்த வினா வெறும் நூலறிவாக நின்றுவிடவில்லை. ஒருபுறம் பனந்தோப்பும் செம்மண் தோட்டமும், மறுபுறம் கடலும் அமைந்த அமைதியான இடத்தில் ஒரு வளவு வாங்கவேண்டும் என்பது பலரின் விருப்பமாக இருக்கின்றது. கொழும்பில் தொழில் பார்ப்போர், வெளிநாடுகளில் ஓய்வுபெறும் வயதை எட்டியோர், விடுதி அமைக்க எண்ணும் முதலீட்டாளர் எனப் பலதிறத்தாரும் காணி தேடி வருகின்றனர். விலை பேசி, பணம் கொடுத்து, நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிவும் செய்துவிட்டால் காரியம் நிறைவேறியது என்றே பெரும்பாலோர் கருதுவர். சட்டத்தின் கண்ணில் அது சரியே. ஆயினும் விலை கொடுத்ததோடு வாங்கியவரின் கடமை முடிந்துவிடுகின்றதா? அறத்தின் கண்கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுதி சொல்லும் செய்தி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்து வாசிப்பவர் அதில் நான்கு விடயங்களைக் காண்பர். முதலாவது காணியின் பெயர். குடாநாட்டில் சின்னஞ்சிறு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. உரியவர் பலமுறை மாறினாலும் அப்பெயர் மாறுவதில்லை. இரண்டாவது பரப்பளவு. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். மூன்றாவது நான்கு எல்லைகள். நான்காவது அக்காணியில் அடங்கியவை. வீடு, வான்பயிர், செய்பயிர், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று அந்தப் பட்டியல் செல்லும்.

இவற்றுள் எல்லை என்ற பகுதி சிந்திக்கத்தக்கது. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாரும் பங்காளரும், மேற்கே ஒழுங்கை, தெற்கே கடற்கரை என்று அது எழுதப்படும். அயலவரின் பெயரைச் சொல்லாமல் ஒருவருடைய காணியை எழுத முடிவதில்லை. “இது எனது” என்று சொல்லும் பத்திரமே, அது இன்னார்க்கு அருகில் இருக்கின்றது என்பதையும் சேர்த்தே சொல்கின்றது. கிணற்றுப் பங்கு என்பதும் அவ்வாறே. கிணறு முழுவதும் ஒருவருடையதாக இருந்தால் பங்கு என்ற சொல்லுக்கே இடமில்லை. ஒரு கிணற்றில் நால்வருக்குப் பங்கு இருந்தால், முறைவைத்து இறைத்தனர். இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்ற அந்த முறையை மீறியவனை ஊர் மதிக்கவில்லை.

ஆகவே காணியை வாங்குபவர் மண்ணை மட்டும் வாங்குவதில்லை. அந்த மண்ணைச் சூழ்ந்து நிற்கும் உறவுகளுக்குள்ளும் அவர் நுழைகின்றார். உறவுக்குள் நுழைபவருக்கு உரிமையோடு கடமையும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தேசவழமை காட்டிய பொறுமை

வடமாகாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்த தேசவழமை இக்கருத்தைச் சட்டமாகவே கொண்டிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் சைமன்ஸ் விதித்தபடி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை இதனைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட பின்னர் 1707ஆம் ஆண்டில் இது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் இதற்கு மீண்டும் சட்டவலு அளித்தனர்.

காணியை விற்க விரும்புபவர் முதலில் தமது உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது பழைய வழக்கு. அவர்கள் வேண்டாம் என்ற பின்னரே பிறருக்கு விற்கலாம். இதற்குக் கொடுக்கப்பட்ட தவணைதான் வியப்புக்குரியது. அதே ஊரில் இருப்பவருக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தின் வேறு ஊரில் இருப்பவருக்கு இரண்டு மாதம். வேறு மாகாணத்தில் இருப்பவருக்கு மூன்று மாதம். பிறதேசத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம். பின்னர் ஒல்லாந்தர் இதனை மாற்றி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவித்தல் வேண்டும் என்று விதித்தனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முன்னுரிமையைப் பங்காளருக்கும், விற்பவர் மரணசாசனம் எழுதாது இறந்தால் உரித்தாளராகக் கூடியவருக்கும் மட்டும் என்று சுருக்கியது.

கடல் கடந்து சென்ற ஒருவருக்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஏன் விதித்தார்கள்? பாய்க்கப்பலில் செய்தி போய்வரக் காலம் எடுக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் அதற்கு மேலும் ஓர் எண்ணம் அதில் உண்டு. கண்முன் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்பதே அது. இல்லாதவரை இறந்தவராகக் கருதிவிடலாகாது.

அதேவேளை, பழையன அனைத்தும் அறமே என்று கொள்வது பேதைமை. முதலில் வாங்கும் உரிமையைப் பேசும் அதே தேசவழமைப் பிரிவு, காணி தோட்டங்களோடு அடிமைகளையும் விற்கும் பொருளாகவே வைத்திருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிந்தது. உறவினருக்கும் அயலவருக்கும் முன்னுரிமை என்ற ஏற்பாடு, வேறு குலத்தவர் ஓர் ஊருக்குள் காணி வாங்கிக் குடியேறுவதைத் தடுக்கும் வேலியாகவும் பயன்படக் கூடியது. உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்தவனைப் பிறப்பைக் காட்டித் திருப்பியனுப்பிய வேலியில் அறம் இல்லை. ஆகவே பழைய வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இல்லாதவரையும் எண்ணிப் பார்க்கும் பொறுமை ஒன்றே. பிறரை விலக்கி வைக்கும் மனத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிலத்தின் கீழ் உள்ள பொதுச்சொத்து

கரையோரக் காணியை வாங்குவோர் அதன் பசுமையைக் கண்டே விரும்புகின்றனர். அப்பசுமை எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகின்றது. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. இந்த நன்னீர், கீழேயுள்ள பாரம் கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மறுபுறம் நோக்கினால், மேலே ஓரடி குறையும்போது கீழேயிருந்து நாற்பது அடி உவர்நீர் ஏறிவர இடமுண்டாகும்.

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. கீரிமலையில் கடலுக்கு மிக அருகிலேயே நன்னீர் ஊறுகின்றது. உள்நாட்டில் பெய்த மழை நிலத்தடியே வழிந்துவந்து அங்கே வெளிப்படுகின்றது. இவை இரண்டும் கண்கொண்டு காணக்கூடிய சான்றுகள். நிலத்தின் மேல் வேலி போடலாம். நிலத்தின் கீழ் ஓடும் நீருக்கு வேலி இல்லை.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை நீங்கியது. கரையோரத்தில் புதிதாக வாங்கிய வளவில் ஆழமான குழாய்க்கிணறு அடித்து, புற்றரைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் இரவு பகலாக நீர் இறைத்தால், அருகில் வெங்காயம் நட்டவரின் கிணறு உவராகக்கூடும். இறைத்தவர் தமது காணிக்குள் நின்றுதான் இறைத்தார். பிறர் காணியில் அவர் காலடியும் வைக்கவில்லை. ஆயினும் பிறருடைய நீரை எடுத்துவிட்டார். ஒருமுறை உவராகிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மழைகள் வேண்டும். களவு என்ற சொல்லுக்குள் சட்டம் இதனை அடக்காதிருக்கலாம். நீரை இழந்தவருக்கு அந்த வேறுபாட்டால் பயனொன்றுமில்லை.

பத்திரம் இல்லாத உரிமை

கடற்கரைக்கு உறுதி இல்லை, அது அரசுக்குரியது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையும் சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என வகுத்தது. அதற்குள் கட்டடம் முதலிய அபிவிருத்திகளுக்கு அனுமதி பெறவேண்டும். இந்த அளவுகளுக்கெல்லாம் முன்பிருந்தே அங்கு வாழ்பவர் கடற்றொழிலாளர். கரைவலை இழுக்கும் பாடு, வள்ளம் ஏற்றும் இடம், கருவாடு காயவிடும் மணல், வாடி, கடலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காகிதம் கிடையாது. பாட்டன் நடந்தான், தகப்பன் நடந்தான், மகன் நடக்கின்றான் என்பதே அவர்களின் உறுதி.

கரைக்கு அடுத்த காணியை வாங்கியவர் மதில் எழுப்பும்போது, அந்த ஒற்றையடிப் பாதை மதிலுக்குள் அகப்பட்டுவிடுவதுண்டு. நில அளவைப் படத்தில் பாதை இல்லை என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வலையைத் தோளில் சுமந்து அரை மைல் சுற்றிச் செல்லும் முதியவருக்கு அந்தப் பதிலில் நியாயம் தென்படாது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளும் வடமராட்சி கிழக்கும் பெரும் அழிவைக் கண்டன. அதன் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை மீளக் கட்டுதல் தடைசெய்யப்பட்டது. பின்பு அது தளர்த்தப்பட்டது. உயிரைக் காக்கும் எண்ணம் அதில் இருந்தது. எனினும் கடலை நம்பி வாழ்ந்தவரைக் கடலிலிருந்து விலக்கினால் பிழைப்பு எவ்வாறு நடக்கும் என்ற வினாவும் அப்போது எழுந்தது. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருப்பவர் கடலோரக் காணியை வெறும் அழகிய காட்சியாகப் பார்க்க மாட்டார். மணற்காட்டின் மணற்குன்றுகளும் கண்டற் காடுகளும் தாழம்புதர்களும் அழகுக்காக நிற்பவையல்ல. மணலை அள்ளி, கண்டலை வெட்டிக் கட்டப்படும் வீடு தன்னுடைய காவலைத் தானே அழித்துக்கொள்கின்றது. பின்னால் இருக்கும் வீடுகளின் காவலையும் அழிக்கின்றது.

இல்லாதவரின் காணி

வடக்கில் காணி வாங்குவோர் எதிர்நோக்கும் மிகக் கடினமான அறவினா இதுவே. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. பங்காளர் பல நாடுகளுக்குச் சிதறினர். சிலர் எங்கே என்பது வீட்டாருக்கே தெரியாது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் 2009ஆம் ஆண்டுக்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, எல்லைக் கற்களும் வேலிகளும் இல்லாத வெளியில் தத்தம் வளவைத் தேடியவர் பலர்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு காணியைப் பத்து வருடம் தடையின்றி, உரியவருக்கு எதிராக ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் தமது காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்கள் இதனால் அதனை இழந்துவிடலாகாது என்பதற்காக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடப்படலாகாது என்பதே அதன் கருத்து. வரமுடியாமல் இருந்தவனை வராமல் இருந்தவனாகக் கொள்ளலாகாது என்ற நியாயத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

சட்டத்துக்கு ஆண்டுக்கணக்கு வேண்டும். எங்கேயாவது ஒரு கோடு கீறாமல் வழக்குத் தீர்க்க முடியாது. மனச்சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. அற்றோணித் தத்துவம் காட்டி ஒருவர் விற்கின்றார். விலையும் மலிவாக இருக்கின்றது. பங்காளர் இருவரின் ஒப்பம் இல்லை. “அவர்கள் இனி வரமாட்டார்கள்” என்ற உறுதிமொழியே அவ்விடத்தில் கிடைக்கின்றது. விலையின் மலிவு எங்கிருந்து வருகின்றது என்று வாங்குபவர் கேட்க வேண்டும். இல்லாதவரின் பங்கிலிருந்துதான் அது வருகின்றது என்றால், அந்த இலாபம் விற்றவரின் பிழையால் வந்தது என்று கூறி வாங்கியவர் தப்பிவிட முடியாது.

மூவரும் நல்லவராக இருக்கும்போது

தீயவர் செய்யும் தீமையைக் கண்டுகொள்வது எளிது. எல்லோரும் நல்லவராக இருக்கும் இடத்தில்தான் அறம் கடினமாகின்றது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். கரையோரக் கிராமம் ஒன்றில் எட்டுப் பரப்பு வளவு. உரியவர் கணவனை இழந்த ஒரு தாய். மகளின் வைத்தியச் செலவுக்கு அவருக்கு உடனே பணம் வேண்டும். இலண்டனில் முப்பது வருடம் இரவுவேலை செய்து பணம் சேர்த்த ஒருவர், அதே ஊரிற் பிறந்தவர், இரட்டைக் குடியுரிமையும் உடையவர், நல்ல விலை தர ஆயத்தமாக இருக்கின்றார். அதே ஊரில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் இளங்குடும்பம் ஒன்று அதில் பாதி விலைதான் கொடுக்க முடியும் என்கின்றது. எவருக்கு விற்பது அறம்?

தாயைப் பார்த்து, “ஊருக்காகப் பாதி விலைக்கு விற்றுவிடு” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஊரின் நன்மைக்கான செலவை அந்த ஏழைத் தாயின் தலையில் சுமத்துவது அநீதி. இலண்டனில் இருப்பவரையும் பழிக்க முடியாது. பிறந்த மண்ணில் ஒரு துண்டு வேண்டும் என்ற ஏக்கம் குற்றமாகாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடைசெய்து, 99 வருடம் வரையான குத்தகைக்கு மட்டும் இடமளித்தது. இரட்டைக் குடியுரிமை பெற்றவரை அத்தடை கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அவர் சட்டத்துக்கு உட்பட்டே வாங்குகின்றார். இளங்குடும்பத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் சம்பளம் பெறுவோரோடு வெங்காயம் விற்றுப் பிழைப்பவர் விலைபேசிப் போட்டியிட முடியாது. இவ்வாறு பத்துக் காணிகள் கைமாறினால், ஊரில் இருந்து உழைப்பவருக்கு ஊரில் காணி இல்லாத நிலை வந்துவிடும்.

இங்கே விற்பது தவறா, வாங்குவது தவறா என்று கேட்டால் விடை கிடைக்காது. வாங்கிய பின் என்ன நடக்கின்றது என்பதிலேயே விடை உள்ளது. வாங்கியவர் சுற்றிவர மதில் கட்டி, இரும்புப் படலையைப் பூட்டி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துச் செல்வாராயின், செம்மண் தோட்டம் பற்றைக் காடாகும். பாவனையற்ற கிணறு நுளம்பு பெருகும் இடமாகும். அயலவர் பாம்புக்கு அஞ்சுவர். விலை கொடுத்து வாங்கிய பசுமையை வாங்கியவரே அழித்தவராவார். அப்பசுமை மண்ணின் இயல்பாக வந்ததன்று. எருவிட்டு, தண்ணீர் மாறி, களை பிடுங்கிய கைகளால் வந்தது. அந்தக் கைகளை வெளியே நிறுத்தினால் பசுமையும் வெளியேறிவிடும்.

அவரே அந்த இளங்குடும்பத்தை அழைத்து, நியாயமான குத்தகைக்கு நீண்ட தவணை கொடுத்து, தாம் வரும்போது தங்க ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டால் எல்லோரும் வாழ்வர். தாய்க்கு முழுவிலை கிடைத்தது. குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது. அவருக்குப் பிறந்த மண் கிடைத்தது. இது புதிய யோசனையும் அன்று. ஒருவர் நிலத்தில் இன்னொருவர் அனுமதியோடு மரம் நாட்டினால் பலனை இருவரும் பங்கிட வேண்டும் என்று தேசவழமை அன்றே வகுத்திருந்தது. நிலம் வைத்திருப்பவரையும் உழைப்பவரையும் அது பங்காளராக்கியது. குத்தகைக்குக் கொடுத்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சம் காரணமற்றதன்று. எழுத்தில் முறையாகச் செய்துகொண்ட உடன்படிக்கை அதனைப் பெரிதும் நீக்கும்.

உடைமை மனிதனை மாற்றுதல்

ரஷ்ய அறிஞர் டால்ஸ்டாய் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கதையின் முடிவைப் பலர் அறிவர். ஒரு நாளில் நடந்து சுற்றிவரும் நிலமெல்லாம் உனக்கு என்று கேட்டு, பேராசையால் ஓடிக் களைத்து விழுந்து இறந்தான் ஒரு குடியானவன். இறுதியில் அவனுக்கு வேண்டியிருந்தது ஆறடி மட்டுமே. ஆனால் அக்கதையின் முற்பகுதியில் உள்ள ஒரு செய்தியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நிலம் இல்லாதபோது, அவனுடைய மாடு அயல் நிலத்துள் போனதற்காகத் தண்டம் கட்டி வருந்தியவன் அவன். சொந்த நிலம் வாங்கியதும், அயலவரின் மாடுகள் தன் நிலத்துள் வந்ததற்காக அவர்களை வழக்குக்கு இழுத்துத் தண்டம் கட்டவைத்தான். நிலம் அவனுக்குக் கிடைத்தது. அயலவர் அவனுக்கு இல்லாமற் போயினர்.

மண்ணாசையின் உண்மையான தீங்கு இதுவே எனலாம். ஊசிமுனை அளவு நிலமும் கொடேன் என்ற துரியோதனன், நிலத்தின் பயனை எண்ணி அவ்வாறு சொல்லவில்லை. ஊசிமுனையில் எதுவும் விளையாது. பிறருக்கு இல்லை என்பதே அவன் வேண்டியது. உடைமை பயனுக்காக இருக்கும் வரை தேவை. பிறரை விலக்குவதற்காக ஆகும்போது ஆசை. தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இதனை ஒரு விடையாகக் கொள்ளலாம்.

கோயிற் காணி கற்பிக்கும் பாடம்

சைவசித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிர்கள் பக்குவமடைவதற்காக இறைவனால் அளிக்கப்பட்டவை என்று கூறும். உடலும் அளிக்கப்பட்டது, அது நிற்கும் உலகமும் அளிக்கப்பட்டது. அளிக்கப்பட்டதைப் பயன்படுத்துபவன் அதன் முதலாளி ஆகமாட்டான்.

இது உயர்ந்த தத்துவம். நடைமுறைக்கு ஒவ்வாது என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் இத்தத்துவம் நடைமுறையில் இருந்தே வருகின்றது. தருமசாதனமாக எழுதிவைத்த கோயிற் காணியைப் பார்த்தால் விளங்கும். அதனைப் பராமரிப்பவர் வேலி அடைப்பார், தென்னை நாட்டுவார், குத்தகை வாங்குவார், வழக்கு வந்தால் நீதிமன்றம் ஏறுவார். உரிமையாளர் செய்வன எல்லாம் செய்வார். ஆயினும் அது தம்முடையது என்று ஒருநாளும் எண்ணமாட்டார். தமக்கு வேண்டியபடி விற்கவும் மாட்டார். எந்த நோக்கத்துக்காக அது கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே அது பயன்பட வேண்டும். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் இந்தக் கடமையை வலியுறுத்துகின்றது. கோயிற் காணியில் எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த மனநிலையில் ஒரு பங்கையேனும் சொந்தக் காணிக்கும் கொண்டுவரலாகாதா?

யாழ்ப்பாணத்து மரபு காணியை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்தது. கணவனும் மனைவியும் உழைத்து வாங்குவது தேடியதேட்டம். அவர்கள் மறைந்தபின் அதுவே பிள்ளைகளுக்கு முதுசம் ஆகின்றது. இன்று வாங்குபவர் யாவரும் நாளை ஒருவருக்கு முன்னோர் ஆகப் போகின்றவரே. உவராகிய கிணற்றையும், அடைத்த பாதையையும், அயலவரின் மனத்தாங்கலையும் முதுசமாக விட்டுச் செல்வதா, நன்னீரையும் நல்லுறவையும் விட்டுச் செல்வதா என்பது அவர் கையில் உள்ளது.

ஆகவே, கரையோரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க விரும்புபவர், உறுதி சுத்தமானதா என்று சட்டத்தரணியிடம் கேட்பதோடு, தம்மிடமே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நலம் தரும்.

முதலாவது: இக்காணியில் பங்குடைய எவராவது, தூரத்தில் இருப்பதனால் மட்டும், கேட்கப்படாமல் விடப்பட்டாரா?

இரண்டாவது: இக்காணியின் வழியாக நடந்தவர், இதன் கீழுள்ள நீரைப் பருகியவர், இதன் கரையில் வலை உலர்த்தியவர் எவருக்காவது இந்தக் கொள்வனவால் இழப்பு வருமா?

மூன்றாவது: வாங்கியபின் இம்மண்ணில் உழைக்கப் போகின்றவர் யார்?

இவற்றுக்கு நேர்மையான விடை சொல்லக் கூடியவருக்கு அக்காணி நல்வாழ்வு தரும். சொல்லத் தயங்குபவர், எல்லைக்கல் நடுமுன் சற்று நின்று, அயலவரின் படலையைத் தட்டி ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம். அதற்கு ஒரு வருடத் தவணை வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

விற்பவரும் வாங்குபவரும் உழுபவரும் மனமொத்து வாழ, மண்ணும் நீரும் அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிச் சேர, எல்லாம்வல்ல பரம்பொருள் துணைநிற்பதாக.